நெற்றியைக் குளிரவைக்கும் பட்டை: 28 இரவு போட்டுப் பார்த்தேன், உங்கள் கருத்து வேண்டும்

கயல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பிட்ஸ்பர்க் பக்கத்தில் மன்றோவில் என்ற ஊரில் இருக்கிறேன், வயது 52. மூன்று வருடமாகத் தூக்கம் சரியில்லை. அப்பா போன பிறகு ஆரம்பித்தது. படுத்தவுடன் தலைக்குள் பேச்சு ஓடத் தொடங்கிவிடும், நாளைக்கு அனுப்பவேண்டிய மெயில், ஊர் வீட்டு வரி, அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்ட தண்ணீர், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும். ஒருமுறை டாக்டர் ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலாவது நாள் காலையில் எழுந்து பார்த்தால் அடுப்பங்கரையில் பாதி நறுக்கிய வெங்காயமும் பக்கத்தில் கத்தியும் இருந்தன, நான் எழுந்து போய் நறுக்கியது எனக்குத் துளிகூட நினைவில்லை. அந்த மாத்திரைப் பெட்டியில் 2019 முதல் கருப்புக் கட்டம் போட்டு இதே எச்சரிக்கை இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த ஒரு கருவியைக் கொடுத்தார். முதலில் செரீவ் என்று பெயர், அப்புறம் எப் என்று விற்றார்கள். நெற்றியில் கட்டும் பட்டை, அதற்குள் திரவம் ஓடும் ஒரு மெல்லிய உறை, அதிலிருந்து குழாய் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகும். பெட்டி அந்தத் திரவத்தைக் குளிரவைத்துச் சுற்றவிடும். மருந்து கிடையாது, மின்சாரம் தலைக்குள் போவது கிடையாது, வெறும் குளிர்ச்சிதான். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் எரிக் நோஃப்சிங்கர்.

முதல் இரவே தூங்கிவிட்டேன். ஆனால் புதிதாக எதை வாங்கினாலும் முதல் இரவு எனக்குத் தூக்கம் வருவது வழக்கம், தலையணை மாற்றினால்கூட வரும். அதனால் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். 28 சீட்டு எழுதி, 14-இல் ‘உண்டு’, 14-இல் ‘இல்லை’ என்று போட்டு ஒரு டப்பாவில் வைத்தேன். தினமும் படுக்கப் போகும் முன் என் கணவர் ஒரு சீட்டு எடுப்பார். உண்டு என்றால் கருவி ஓடும். இல்லை என்றால் பட்டையை மட்டும் கட்டிக்கொள்வேன், பெட்டி ஓடாது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டோம். காலையில் எழுந்ததும் தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை தடவை விழித்தேன் என்று தோன்றுவதை எழுதினேன்.

உண்டு இரவுகளில் சராசரி 34 நிமிடம். இல்லை இரவுகளில் 51. நடுராத்திரி 3 மணி வாக்கில் விழிப்பது மட்டும் இரண்டிலும் அப்படியே இருக்கிறது.

17 நிமிடம் எனக்குப் பெரிய விஷயம். ஆனால் நிஜமா? இதில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, நான் மதுரையில் ஒரு ஸ்லீப் லேபில் டெக்னீஷியன், பதினோரு வருடமாக ராத்திரி வேலை. நீங்கள் சீட்டுப் போட்டுப் பார்த்தது ரொம்பச் சரியான வழி, பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை.

நோஃப்சிங்கரின் யோசனை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். 2004-இல் அவரும் கூட இருந்தவர்களும் தூக்கமின்மை உள்ள 7 பேரையும் நன்றாகத் தூங்கும் 20 பேரையும் பெட் ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். மூளை எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்பதை அது காட்டும். தூக்கம் வராதவர்களின் மூளை விழித்திருக்கும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, மொத்தமாகவே அதிகம் எரித்தது. விழிப்பிலிருந்து தூக்கத்துக்குப் போகும்போது அடங்கவேண்டிய சில பகுதிகள் அவர்களுக்கு அந்த அளவு அடங்கவில்லை. நீங்கள் சொன்ன தலைக்குள் பேச்சு என்பதற்கு ஸ்கேனில் தெரிந்த வடிவம் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். சரி, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை ஓய மாட்டேன் என்கிறது, வெளியிலிருந்து குளிரவைத்தால் அடங்குமா என்று கேட்டார்கள்.

2011-இல் ஒரு மாநாட்டில் முதல் முடிவைச் சொன்னார்கள். தூக்கமின்மை உள்ள 12 பேர், இல்லாத 12 பேர். அதிகபட்சக் குளிர்ச்சி வைத்தபோது நோயாளிகள் சராசரி 13 நிமிடத்தில் தூங்கினார்கள், நல்ல தூக்கக்காரர்களுக்கு 16 நிமிடம் ஆனது. படுக்கையில் இருந்த நேரத்தில் 89 சதவீதம் தூங்கினார்கள், இரண்டு கூட்டமும் ஒரே அளவு. அப்போது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. எங்கள் லேபிலும் டாக்டர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் பெரிய சோதனை நடந்தது, 2018-இல் வெளிவந்தது. 106 பேர், 7 இடங்கள், ஸ்லீப் லேபில் 2 இரவு, 14 முதல் 16 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. மற்றவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் போலிக் கருவி. முதலிலேயே ‘இதைத்தான் பார்க்கப் போகிறோம்’ என்று எழுதி வைத்த முக்கியமான இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, விடாத தூக்கம் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது. இரண்டு, படுக்கையில் இருந்த நேரத்தில் எத்தனை சதவீதம் தூக்கம். இந்த இரண்டிலும் நேரடிக் கணக்கில் போலிக் கருவியைத் தெளிவாக முந்தவில்லை. ஆனால் அவரவர் பழைய நேரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு பங்கு குறைந்தது என்று பார்த்தபோது முன்னேற்றம் தெரிந்தது. லேசான முதல் கட்டம், அடுத்த இரண்டாம் கட்டம், இவற்றுக்குள் போவதும் வேகமாக நடந்தது. 2016-இல் எஃப்.டி.ஏ. (அமெரிக்க அரசின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி கொடுத்ததும் அந்த அளவுக்குத்தான். முதல், இரண்டாம் கட்டத் தூக்கத்துக்குள் போகும் நேரத்தைக் குறைக்கும் கருவி, அவ்வளவுதான். தூக்கமின்மையைக் குணமாக்கும் என்று அதில் இல்லை.

லேபில் நாங்கள் இரவு முழுக்க 30 விநாடி 30 விநாடியாகப் பிரித்து ஒவ்வொன்றும் தூக்கத்தின் எந்தக் கட்டம் என்று குறிப்போம். முதல் கட்டத்தில் இருப்பவரை எழுப்பிக் கேட்டால் ‘நான் தூங்கவே இல்லையே’ என்று சத்தியம் பண்ணுவார். விடாத தூக்கம் என்றால் பத்து நிமிடம் தொடர்ந்து விழிப்பில்லாமல் இருக்க வேண்டும். அதனால் முதல் கட்டத்துக்குச் சீக்கிரம் போவதும் நிஜமாகத் தூங்கிவிடுவதும் ஒன்றில்லை. உங்கள் 3 மணி விழிப்பு மாறாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சித்திரைப்பூ எழுதியது:

எங்கள் ஆச்சி நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுத் தூங்கச் சொல்வாள். காய்ச்சலுக்கு மட்டுமில்லை, மனசு சரியில்லாத நாளிலும். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், ஏன் இவ்வளவு பெரிய பெட்டி?

கயல் எழுதியது:

நல்ல கேள்வி, நானும் அதைச் செய்து பார்த்தேன். ஈரத்துணி முதலில் நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்திலேயே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் அது நெற்றியில் ஒட்டிக்கிடக்கும் ஈரம் மட்டும்தான், தலையணையும் நனையும். திருப்பிப் போட எழுந்தால் வந்த தூக்கமும் போகிறது. கருவி ஒரே குளிர்ச்சியை இரவு முழுக்கப் பிடித்து வைக்கிறது. ஃப்ரீசரில் இருந்து ஐஸ் எடுத்துக் கட்டுவது வேறு, அதை யாரும் செய்ய வேண்டாம், தோல் புண்ணாகிவிடும்.

ஆனால் ஆச்சி துணியை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் இல்லையா, அதில் எவ்வளவு துணி, எவ்வளவு ஆச்சி என்று எனக்குத் தெரியாது.

கணக்கன் எழுதியது:

அக்கா, நான் உயிரியல் புள்ளியியல் படிக்கிறேன். கணக்கு சம்பந்தமாக இரண்டு விஷயம் கேட்கலாமா?

முதல் விஷயம் மறைப்பு. மாத்திரைச் சோதனையில் நிஜ மாத்திரைக்கும் வெறும் மாவு மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்துவிடலாம். நெற்றியில் குளிர்ச்சி இருக்கிறதா இல்லையா என்பதை எப்படி மறைப்பது? உங்கள் சோதனையில் கணவர் சீட்டு எடுத்தாலும் பட்டை கட்டிய அடுத்த நிமிடம் உங்களுக்குத் தெரிந்துவிடும். உடம்பில் படும் எந்தக் கருவிக்கும் இதே கஷ்டம். தூக்கமின்மையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ‘இன்றைக்குத் தூங்கிவிடுவேன்’ என்ற நம்பிக்கையே தூக்கத்தைக் கொண்டுவரும், ‘இன்றைக்கு வராது’ என்ற பயமே விரட்டும். மற்ற நோய்களில் நம்பிக்கை அளவைக் கொஞ்சம் கோணலாக்கும். இங்கே நம்பிக்கை நோயின் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் உண்டு இரவையும் இல்லை இரவையும் மட்டும் ஒப்பிடுகிறீர்கள். சோதனை தொடங்கும் முன் எப்படித் தூங்கினீர்கள் என்பதற்குக் கணக்கு ஏதாவது இருக்கிறதா? 51 என்பது உங்கள் வழக்கமான இரவா, இல்லை பட்டை ஓடாததால் கெட்டுப்போன இரவா? இது தெரியாமல் 17 நிமிடத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

இன்னொன்று, எல்லோருக்கும் பொதுவானது. மனிதர்கள் ரொம்ப மோசமாக இருக்கும் வாரத்தில்தான் சிகிச்சை தேடிப் போவார்கள். மோசமான வாரத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல வாரமாகத்தான் இருக்கும், எதுவும் செய்யாவிட்டாலும். போலிக் கருவி போட்டவர்களும் தேறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல்லைச்சீமை எழுதியது:

எல்லோரும் விவரமாக எழுதுகிறீர்கள், எனக்கு ஒரு அவசரக் கேள்வி. அம்மாவுக்கு 68. பாளையங்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். எட்டு வருடமாகத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை அரை மில்லிகிராம் போடுகிறாள், யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது, மருந்துக்கடையில் அப்படியே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இப்போது பகலெல்லாம் தூங்கித் தூங்கி விழுகிறாள், போன மாதம் குளியலறையில் கால் இடறி விழப்பார்த்தாள். ராத்திரி குறட்டை வேறு பலமாக இருக்கும், நடுவில் நின்றுபோய்ப் படாரென்று மறுபடி தொடங்கும். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தப் பட்டையை வாங்கிக் கொடுக்கலாமா? எப்படியாவது வாங்கிவிடுவேன்.

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, பட்டை பக்கம் போகாதே, முதலில் நான் சொல்வதைக் கேள்.

குறட்டை நின்று நின்று படாரென்று தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. அந்த நிற்கிற இடத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத்தடை இருந்தால் பகல் தூக்கம், காலைத் தலைவலி, இரத்த அழுத்தம் எல்லாம் வரும். அதற்கு மேல் அல்பிரசோலம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தக்கூடும். நெற்றியைக் குளிரவைத்தால் அடைபட்ட தொண்டை திறக்காது. ஒரு ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும், அதாவது ராத்திரி லேபில் தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டித் தூக்கத்தையும் மூச்சையும் அளப்பது. போகும்போது தலைக்கு எண்ணெய் வைக்காமல், தலை அலசிவிட்டுக் கூட்டிப் போ, எண்ணெய் இருந்தால் வயர் ஒட்டாது, பாதி ராத்திரியில் கழன்றுவிடும், மறுபடி அம்மாவை எழுப்பி ஒட்ட வேண்டியிருக்கும். தூக்கம் ரொம்ப வராவிட்டால் என்ன செய்வது என்று பயப்படாதே, யாரும் எங்கள் லேபில் வீட்டில் மாதிரி தூங்குவதில்லை, எங்களுக்குத் தேவையானது கிடைத்துவிடும்.

அப்புறம், அந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. எட்டு வருடம் போட்டதைச் சட்டென்று விட்டால் நடுக்கம், படபடப்பு, வலிப்புகூட வரலாம். 2020-இல் அந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் எஃப்.டி.ஏ. இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. டாக்டர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மருந்துக்கடைக்காரரிடம் கேட்காதே, டாக்டரிடம் போ. இந்த வாரமே போ.

கயல் எழுதியது:

நெல்லை, வைகைக்கரை சொல்வதை அப்படியே செய்யம்மா. பட்டை எங்கும் ஓடிப்போகாது.

கணக்கன் தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஞாபகம் வந்தது, போன இலையுதிர்காலத்தில் டாக்டர் கேட்டார் என்று இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதியிருந்தேன். சமையல் குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது, ரசப்பொடி அளவுக்கு அடுத்த பக்கம். கூட்டிப் பார்த்தேன். சராசரி 41 நிமிடம்.

அதாவது கருவி எதுவும் இல்லாமல் நான் சாதாரணமாக இருந்தபோது 41. கருவியோடு 34. கருவி இல்லை என்று சீட்டு வந்த இரவுகளில் 51. இன்னும் பிரித்துப் பார்த்தேன், முதல் ஏழு இல்லை இரவுகளில் 58, கடைசி ஏழில் 44. ஆரம்பத்தில் அவர் சீட்டைப் பிரித்து ‘இல்லை’ என்று சொன்னவுடன் என் நெஞ்சில் ஒன்று இறங்கும், அது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, போச்சு இன்றைக்கு என்று படுப்பேன். போகப் போக அது பழகிவிட்டது.

17-இல் பத்து நிமிடம் கருவி கொடுத்ததில்லை, கருவி இல்லாத பயம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஏழு. இதைப் பார்த்தபோது வருத்தமாக இல்லை, தெளிவாக இருந்தது.

கணக்கன் எழுதியது:

அக்கா, இது அருமையான வேலை. ஏழு நிமிடமும் 14 இரவுகளில் தற்செயலாக வந்திருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெரிய சோதனையில் வந்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான், தூக்கம் தொடங்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது, 2011-இல் சொன்ன அளவுக்குப் பெரிதாக இல்லை. முதலில் சின்னக் கூட்டத்தில் பிரமாதமாக வரும், போலிக் கருவியோடு பெரிய கூட்டத்தில் வைத்தால் சுருங்கும். இது நோஃப்சிங்கர் குழுவின் தவறில்லை. முக்கிய அளவுகள் எட்டவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்களே, அதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரை மேல் மரியாதை.

இதையும் பாருங்கள். படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன் 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் குளித்தால் சுமார் 10 நிமிடம் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கைகால் சூடாகி உள்ளுடம்புச் சூடு வெளியேறுவதால் வருவது அது. பக்கெட் வெந்நீர் பத்து நிமிடம் கொடுக்கும் என்றால், எந்தக் கருவியும் குறைந்தது அதையாவது தாண்ட வேண்டும் என்பது என் கருத்து.

தேம்ஸ் எழுதியது:

காதுக்குப் பின்னால் ஒட்டும் கருவி பற்றி யாருக்காவது தெரியுமா? பெல்ஃபாஸ்டில் ஒரு கம்பெனி, மோடியஸ் ஸ்லீப் என்று பெயர். சமநிலை நரம்புக்கு லேசான மின்சாரம் கொடுக்கிறது, படுக்கும் முன் 30 நிமிடம். 2023-இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. இதன் ஆரம்பகாலச் சோதனை ஒன்று இந்தியாவில், உஜ்ஜயினியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நடந்தது என்று படித்தேன். நைட் ஷிப்ட் வேலையால் எனக்குத் தூக்கம் முழுதாகக் குழம்பிக் கிடக்கிறது.

கணக்கன் எழுதியது:

அண்ணா, அதிலும் நான் முதலில் தேடுவது போலிக் கருவியைத்தான். மின்சாரம் தோலில் குறுகுறுக்கும், போலியிலும் அதே குறுகுறுப்பு இருந்ததா, சோதனை முடிவில் ‘உங்களுக்குக் கிடைத்தது நிஜமா போலியா’ என்று கேட்டார்களா என்று பாருங்கள். அப்புறம் எதை அளந்தார்கள் என்பது. பெரும்பாலும் ஐ.எஸ்.ஐ. என்ற, தூக்கமின்மை எவ்வளவு கடுமை என்று கேட்கும் ஏழு கேள்வி வைத்த தாள்தான், 0 முதல் 28 வரை மதிப்பெண். 15-உம் அதற்கு மேலும் என்றால் ஓரளவு கடுமை, 22-உம் அதற்கு மேலும் என்றால் ரொம்பக் கடுமை. ஆறு மதிப்பெண் குறைந்தால் நோயாளிக்கே வித்தியாசம் தெரியும் என்பது பொதுவான கணக்கு. அது நோயாளி சொல்வது. அது முக்கியம்தான், தூக்கமின்மையே நோயாளி சொல்லித்தான் தெரியும். ஆனால் மறைப்பு ஓட்டையாக இருந்தால் அந்தத் தாள்தான் முதலில் ஏமாறும்.

வைகைக்கரை எழுதியது:

தேம்ஸ், உங்களுக்கு ஷிப்ட் மாறுவதால் வருவது தூக்கமின்மை மாதிரி தெரிந்தாலும் உடம்புக் கடிகாரச் சிக்கலாக இருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்கவேண்டியது தூக்கப் பழக்கத்தையும் அதைப் பற்றிய எண்ணத்தையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டது, மாத்திரையும் இல்லை கருவியும் இல்லை. அதில் கஷ்டமான பகுதி படுக்கை நேரத்தைச் சுருக்குவது. நிஜமாக ஐந்தரை மணி நேரம் தூங்குகிறவர் ஒன்பது மணி நேரம் படுக்கையில் கிடந்தால், அந்த மிச்சத்தில்தான் எல்லாக் கவலையும் குடியேறும். எங்களிடம் வருகிறவர்கள் முதல் இரண்டு வாரம் திட்டுவார்கள். மூன்றாவது வாரம் சிலர் போன் பண்ணிப் பேசும் குரலே வேறு மாதிரி இருக்கும்.

நெல்லைச்சீமை எழுதியது:

ஸ்டடி எடுத்துவிட்டோம். வைகைக்கரை அண்ணா சொன்ன மாதிரி எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போனேன், அம்மா அதற்கே சண்டை போட்டாள். மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்படுகிறதாம். எட்டு வருடம் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கவனித்துக் கேட்கவில்லையே என்று இருக்கிறது. மூச்சுக் கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரையைக் குறைக்க டாக்டர் அட்டவணை போட்டுக் கொடுத்தார், நான்கு மாதத்துக்கு.

வைகைக்கரை எழுதியது:

நீ கேட்டதால்தானே தெரிந்தது தங்கச்சி. முதல் வாரம் அம்மா முகமூடியைப் பிடுங்கி எறிவார்கள், விட்டுவிடாதே. பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்கு. காற்று கசிந்தால் லேபில் சொல்லி வேறு அளவு கேள்.

கயல் எழுதியது:

நெல்லை, அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது எழுது.

நான் பட்டையை வைத்துக்கொண்டிருக்கிறேன், தினமும் போடுவதில்லை. தலைக்குள் பேச்சு ரொம்பச் சத்தமாக இருக்கும் இரவில் மட்டும், அந்தக் குளிர்ச்சி நெற்றியில் படும்போது கொஞ்சம் இதமாக இருக்கிறது, ஏழு நிமிடமோ இல்லையோ. மற்றபடி படுக்கை நேரத்தை ராத்திரி 12 முதல் 5.30 வரை என்று சுருக்கி இன்றோடு ஒன்பது நாள். பத்தரை மணிக்கே கண் சொருகுகிறது, கணவர் சீட்டு எடுப்பதற்குப் பதில் இப்போது என்னோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுகிறார். நேற்று 3 மணிக்கு விழிக்கவில்லை. அலாரம் அடித்துத்தான் எழுந்தேன்.